48 வயதில் வீடு சத்திரமாகத் தெரிகிறது. பிரிந்துவிடலாமா?

கடைசிப்பெட்டி: தினமும் தாம்பரம் டூ கடற்கரை மின்சார ரயில். வீடு சேர இரவு எட்டரை. மகள் நீட் புத்தகத்தில், மகன் கைப்பேசியில், மனைவி சீரியலில். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூன்று மாதமாக இரவில் சோறுகூடக் கிடையாது, ஹாட்பாக்ஸில் நாலு சப்பாத்தி. நேற்று ரயிலில் மனைவியின் வாட்ஸ்அப்பை அதே மூன்று மாதத்துக்குப் பின்னோக்கித் தள்ளினேன். 'பால் 2', 'கேஸ் புக் பண்ணுங்க', 'ஃபீஸ் கட்டியாச்சா'. 21 வருடக் கல்யாணத்தில் மிச்சம் இதுதான்.

அடுக்களைவாசி: சீரியல் கண்ணில் பட்டது, சப்பாத்தி தேய்த்த கை படவில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்பவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

தவணைக்காரன்: அதே கணக்கெடுப்பில் சம்பாத்திய வேலைக்கு ஆண்கள் 459, பெண்கள் 333. அதையும் சேர்த்துச் சொல்லுங்கம்மா. 2022 மே தொடங்கி ஒரு வருடத்துக்குள் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. என் வீட்டுக்கடன் தவணைத்தொகை அப்படியே இருக்க, வருடங்கள் நீண்டன. ரிட்டயர் ஆன பிறகும் கட்டணும். வீட்டில் சொன்னேன், 'ஓ' என்றார்கள். ஆண் புலம்பினால் மட்டும் குற்றமா?

முன்னாள்மாப்பிள்ளை: பிரிந்தவன் சொல்கிறேன். இருவரும் சம்மதித்தாலும் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் ஒரு வருடம் பிரிந்திருக்கணும், மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்கணும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு விலக்கு கிடைக்கவில்லை. இப்போது நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். மகள் ஞாயிறு வருவாள். செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்து விடுவாள், விருந்தாளி மாதிரி.

அடுக்களைவாசி: கடைசிப்பெட்டி சார், மனைவி அனுப்பியதைப் படித்தீர்கள். உங்கள் பதில்கள்?

கடைசிப்பெட்டி: பார்த்தேன். 'ம்', 'சரி', கட்டைவிரல். 'முட்டி வலி தாங்கல, எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க' என்று ஒன்று. அதற்கும் கட்டைவிரல்தான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 240 என்று ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினேனே, அதற்கு அவளிடமிருந்து நீல டிக் மட்டும்!

அடுக்களைவாசி: அது எப்போது?

கடைசிப்பெட்டி: மூன்று மாதம் இருக்கும்.

அடுக்களைவாசி: இரவுச் சோறு நின்றது?

தவணைக்காரன்: சரிம்மா, செய்ததை வாயைத் திறந்து சொல்ல என்னவாம்? வாயில் கொழுக்கட்டையா?