கொறங்காட்டில் மரம் நடலாமா, புல்லாகவே விடலாமா?

தாராபுரத்தான்:
காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே எங்களுக்கு 12 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சுற்றிலும் தாத்தா காலத்தில் கிளுவை முள்மரத்தால் அமைத்த உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் நிற்கின்றன. இரண்டு பக்கம் வேலி இற்றுப்போய்விட்டதால், அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டு, நிலம் முழுவதும் நாட்டு மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டால் பறவைகளும் பிற உயிர்களும் பெருகும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

புல்வெளி நேசன்:
தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மரம் அடர்ந்தால் எல்லா உயிரும் பெருகும் என்ற எண்ணம் உங்கள் நிலத்துக்குப் பொருந்தாது. கவுதாரியும் காடையும் வானம்பாடியும் தரையில் முட்டையிடுபவை. விசிறித்தொண்டை ஓணானுக்கு வெயில் விழும் திறந்த தரை வேண்டும். குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் புல்லின் மேல் தாழப் பறந்துதான் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கின்றன. நிழல் மூடிக்கொண்டால் முதலில் கொழுக்கட்டைப் புல் மெலியும். அதை நம்பியிருப்பவை பின்னாலேயே போய்விடும்.

வேலியைப் பிடுங்கும் முன் அதன் அடிப்பகுதியைச் சற்று நேரம் அமர்ந்து கவனியுங்கள். முள்ளுக்குள் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறியிருக்கும், சருகுக்கடியில் அரணை ஓடும், கீரி நுழைந்து போகும் தடம் தேய்ந்து தெரியும். கம்பிவேலியில் இவற்றில் எதற்கும் இடமில்லை. இற்றுப்போன பக்கங்களில் மட்டும், நன்றாக நிற்கும் வேலியிலிருந்தே கிளுவைக் கம்புகளை வெட்டி, மழையை ஒட்டி நெருக்கமாக ஊன்றிவிடுங்கள். கவாத்து செய்யும்போதும் ஒரே ஆண்டில் நான்கு பக்கத்தையும் வெட்டாமல், ஒவ்வொரு பக்கமாக வெட்டுவது நல்லது.

மயிலைக்காளை:
நேசன் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் புல்லைக் காப்பதாக எண்ணி மேய்ச்சலையும் நிறுத்திவிடாதீர்கள். காங்கயம் மாடும் மயிலம்பாடி ஆடும் மேய்ந்து மேய்ந்தே இந்த நிலம் இப்படி அமைந்திருக்கிறது. நிலத்தை மூன்று நான்காகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டு, ஒரு பகுதியை விதை உதிரும்வரை தொடாமல் வைத்தால் புல்லும் புதுப்பிக்கப்படும், கவுதாரிக்கும் மறைவிடம் கிடைக்கும். கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீவனமாகும் என்பதால், இருக்கும் மரங்களே போதுமானவை. கவனிக்க வேண்டியது சீமைக்கருவேலம்தான்: அதன் காயைத் தின்ற கால்நடைகளின் சாணம் வழியே விதை பரவுகிறது, மண் ஈரமாக இருக்கும்போதே கன்றுகளை வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

தாராபுரத்தான்:
இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் வெளியூரில் வசிப்பதால் நிலம் மேய்ச்சல் குத்தகையில்தான் போகிறது; குத்தகைக்காரர் அளவுக்கு மீறி ஆடுகளை விட்டால் என்ன செய்வது?

மயிலைக்காளை:
எத்தனை உருப்படிகள் மேயலாம், எந்தப் பகுதி எந்த மாதங்களில் அடைத்திருக்க வேண்டும் என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். அதற்காக வாடகையைக் கொஞ்சம் குறைத்தாலும் தவறில்லை. கவுதாரிக்குக் கண்ணி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும்.