மொறிஸ் மைனர் முன்கண்ணாடி றப்பர் ஏறவே மாட்டேன் என்கிறது

மானிப்பாய்_மைனர்:
வணக்கம். அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் 1000 காரை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்துகிறேன். பெயின்ற் வேலை முடிந்தது. முன்கண்ணாடிக்குப் புது றப்பரும் வாங்கியாயிற்று. ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக மல்லுக்கட்டுகிறேன். கீழ்ப்பக்கம் ஏறினால் மேல்மூலை கழன்று வருகிறது. திருப்புளியால் நெம்பியதில் றப்பரின் உள் உதடு (காரின் தகட்டைக் கவ்வும் உள்விளிம்பு) ஓரிடத்தில் அரை அங்குலம் கிழிந்துவிட்டது. கொஞ்சம் மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார் அப்பா. பூசலாமா?

பழைய_கராஜ்:
தம்பி, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்குகிறது. 90களில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வோம். கழுவுவதும் துடைப்பதும் மண்ணெண்ணெயால்தான். அது பட்ட றப்பரெல்லாம் ஊறிப் பருத்துப் பிசுபிசுத்துப் போனதை என் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். கிறீஸும் எஞ்சின் ஓயிலும் அப்படித்தான். சவர்க்காரத் தண்ணீர் போதும். கிளிசரின் கிடைத்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் காயாது.

திருப்புளியைத் தூக்கி உள்ளே வை. கயிறுதான் இந்த வேலையைச் செய்யும். றப்பரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக விடு. பிறகு கண்ணாடியைச் சுற்றி மாட்டு. மாட்டும்போது இழுக்காதே, மூலைகளில் றப்பரைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கொடு. இழுத்து மாட்டிய றப்பர் நாளடைவில் சுருங்கும், பொருத்து வாய் பிளக்கும், முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வரும்.

அப்புறம் வழுவழுப்பான நைலோன் கயிறு, பென்சில் தடிப்பைவிட மெல்லியது. மை தீர்ந்த பேனைக் கூட்டுக்குள் கயிற்றைக் கோத்து, கூட்டின் நுனியை றப்பரில் காரின் தகடு நுழையும் பக்கத்துப் பள்ளத்தில் வைத்துச் சுற்றிவர ஓட்டு. கயிறு தானாகப் படிந்துகொண்டே வரும். இரண்டு நுனியும் கீழ் நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கட்டும்.

இனி இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் கயிற்று நுனிகளை உள்ளே விட்டு, கண்ணாடியைக் காரின் திறப்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும், குத்தக் கூடாது. நீ உள்ளே இருந்து ஒரு நுனியைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழு. உதடு தகட்டு விளிம்பைத் தாண்டிப் புரண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். மேல்விளிம்பு கடைசியில்.

ஒரு விசயம்: மூலை ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றால், குறை றப்பரில் இல்லை. விளிம்பில் பழைய பசையோ பெயின்ற் திரளோ இருக்கும். விரலை ஓட்டிப் பார்.

இணுவில்_கார்:
ஐயா சொன்னது முழுக்கச் சரி. அடுத்து பின் வில்லின் (ஸ்பிரிங்) றப்பர் புஷ்ஷுக்கு, அதாவது வில்லைப் பூட்டும் இடத்தில் இருக்கும் றப்பர் உருளைக்கு வருவீர்கள். அதற்கும் சவர்க்காரத் தண்ணீர்தான். ஆனால் ஜாக்கியில் சில்லு தொங்கும்போது நட்டை முழுதாக இறுக்காதீர்கள். காரை நிலத்தில் இறக்கி, பாரம் விழுந்த பிறகு இறுக்குங்கள். தொங்கலில் இறுக்கினால் புஷ் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மானிப்பாய்_மைனர்:
ஐயா, மேல் வலது மூலையில் அரிசி அளவு பெயின்ற் திரள் இருந்தது. அரத்தாளால் தேய்த்து, அந்த இடத்துக்குப் பெயின்ற் தொட்டுக் காயவிட்டு, இன்று காலை கயிற்றோடு ஏற்றினோம். அப்பா வெளியே, நான் உள்ளே. இருபது நிமிடம்தான். கிழிந்த இடம் மேல்பக்கம் வருமாறு திருப்பி வைத்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், டாஷ்போட் காய்ந்தே கிடக்கிறது. மிக்க நன்றி.