‘மாம்பலம் வீடு’ குழு, சனிக்கிழமை காலை

[6:42] மாலா சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!!! சென்னை – டெல்லி விமானம் நடுவானில் கடத்தல்!! பயணி ஒருவர் ஒளித்து எடுத்த காட்சி!! எந்த டிவியும் காட்டாது!! பத்து பேருக்காவது அனுப்புங்கள்!!
[வீடியோ 0:47]

[6:43] மாலா சித்தி: அக்கா இன்றைக்குத்தானே டெல்லி கிளம்புகிறீர்கள். எனக்குக் கை நடுங்குகிறது

[6:45] ரேவதி அத்தை: வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. திறக்க மாட்டேன் என்கிறது

[6:45] ரேவதி அத்தை: யாரைக் கடத்தினார்கள்

[6:46] அம்மா: காலங்காத்தால

[6:51] கார்த்தி அண்ணா: சித்தி, இது சினிமா

[6:52] மாலா சித்தி: எங்கள் யோகா குழுவில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் போட்டார். அவர் பொய் போட மாட்டார்

[6:53] கார்த்தி அண்ணா: 31வது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். கடத்தல்காரன் தலைக்கு மேலே பஞ்சு சுற்றிய மைக் தொங்குகிறது. பயணி ஒளித்து எடுக்கும்போது மைக் பிடிக்க ஒரு ஆள் நின்றானா?

[6:53] நான்: கடத்தல்காரன் வெள்ளைக்காரன் சித்தி. தமிழ் டப்பிங்

[6:54] மாலா சித்தி: தமிழ் கேட்டதே என்று நினைத்தேன்

[6:54] கார்த்தி அண்ணா: கேட்கும். நியூயார்க்கில் ஏறுகிறவன் காசிமேட்டு பாஷையில் ‘இன்னாமே’ என்கிறான்

[6:56] ராமு மாமா: [ரோஜாப்பூ படம்] இனிய காலை வணக்கம். இன்று சனிப் பிரதோஷம்

[6:58] ரேவதி அத்தை: அப்போது என் விமானம் இருக்கிறதா இல்லையா

[6:58] நான்: இருக்கிறது அத்தை. நிம்மதியாகப் பெட்டி கட்டுங்கள்

[7:01] சேகர் சித்தப்பா: என்ன படம் அது

[7:02] கார்த்தி அண்ணா: பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பெரியப்பா பார்த்துவிடுவார். அப்புறம் குழுவே தாங்காது

[7:03] பெரியப்பா: பார்த்தாகிவிட்டது. இரண்டு முறை.

[7:03] கார்த்தி அண்ணா: போச்சு

[7:19] பெரியப்பா: மீனம்பாக்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். விமானம் கிளம்பும்போது இறக்கைக்கு ஒரு என்ஜின், ஆக இரண்டு. மேகத்துக்குள் போனதும் நான்கு. இறங்கும்போது மறுபடியும் இரண்டு. நடுவானத்தில் யார் போய் மாட்டினார்கள், யார் கழற்றினார்கள்? அடுத்து, துப்பாக்கிக் குண்டு பட்டு ஜன்னலோரம் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக ஒரு குண்டு மனிதர் உறிஞ்சப்பட்டு வெளியே போகிறார். உள்ளே காற்றழுத்தம் அதிகம், வாஸ்தவம். ஆனால் உள்ளே இருக்கும் காற்றை அளவாக வெளியே விடுவதற்கென்றே விமானத்தில் ஒரு வால்வு உண்டு. அந்த ஓட்டையைவிட அது எத்தனையோ மடங்கு பெரிது. அதன் வழியாக யாரும் போனதில்லை. மூன்றாவது, 35,000 அடி உயரத்தில் கதாநாயகன் தோளால் இடித்துக் கதவைத் திறக்கிறான். அந்த உயரத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய எட்டு பவுண்டு அழுத்தம் கதவைச் சட்டத்தோடு சேர்த்து அறைந்து பிடித்திருக்கும். முழுக் கதவுக்கும் கணக்குப் போட்டால் எட்டு டன் வரும். கோயில் யானையே ஐந்து டன்தான். இன்னும் இருக்கிறது, காபி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

[7:20] சேகர் சித்தப்பா: அண்ணா. படம்.

[7:21] அம்மா: அத்தான் காபி குடித்துவிட்டு நிதானமாக வாருங்கள்

[7:24] கார்த்தி அண்ணா: சரி, நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. கையில் காசில்லாதவன் எடுக்கத் தோதான கதையே கடத்தல் கதைதான். எல்லோரையும் உட்கார வைத்துக் கட்டிப்போட்டாகிவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கடத்தல்காரனே உத்தரவு போடுகிறான், வானம் காட்டும் செலவும் மிச்சம். மூளைக்காரன்

[7:25] நான்: சீட்டு மட்டும் கிளாம்பாக்கம் ஆம்னி பஸ் மாதிரி இருந்தது

[7:25] கார்த்தி அண்ணா: ஆமாம், சாயும்போது கிறீச் என்று ஒரு சத்தம். டப்பிங்கிலும் அதை விட்டுவைத்தார்கள்

[7:26] நான்: ஆனால் போனில் பேரம் பேசுகிற அந்த அதிகாரி நன்றாகச் செய்திருந்தார். குரல் ஆடவே ஆடாது. போனை வைத்த பிறகு ரிசீவரில் அவர் கை பட்ட இடம் ஈரமாகப் பளபளக்கும். அதைக் கர்ச்சீப்பால் துடைப்பார். அந்த ஒரு காட்சிக்காக மீதியை மன்னித்தேன்

[7:27] கார்த்தி அண்ணா: கைகுலுக்கு

[7:31] அம்மா: பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார், நீங்கள் பேசுவது எந்தப் படம் என்று. சொன்னேன். புதன்கிழமை மத்தியானம் பெரியப்பாவோடு உட்கார்ந்து அவரும் பார்த்தாராம்

[7:33] அம்மா: பாட்டி சொல்வதை அப்படியே போடுகிறேன். “மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட கிழவனை முதலிலேயே சுட்டுவிட்டான். அப்புறம் பார்த்தால் பின்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். இவன்களுக்கு இருந்ததே பத்துப் பேர், அதில் செத்தவனையும் விடவில்லை.”

[7:33] கார்த்தி அண்ணா: பாட்டி!!!

[7:34] சேகர் சித்தப்பா: அம்மா கண்ணுக்கு 86 வயது என்று யார் சொல்வார்கள்

[7:34] பெரியப்பா: இதை நான் கவனிக்கவில்லை.

[7:41] பெரியப்பா: விட்ட இடத்திலிருந்து. விமானம் கடத்தப்பட்டால் பைலட் கத்த மாட்டார். 7500 என்று ஒரு எண்ணைச் சத்தமில்லாமல் திருப்பி வைப்பார், கீழே ரேடாரில் தெரிந்துவிடும். 7600 என்றால் ரேடியோ பழுது, 7700 என்றால் மற்ற ஆபத்து. இந்தப் படத்தில் பைலட் வாய்விட்டுக் கதறுகிறார், கடத்தல்காரன் பக்கத்திலேயே நின்று கேட்கிறான். நிஜத்தில் 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லி வர வேண்டிய விமானம் அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைந்து காந்தஹாரில் போய் நின்றது. அமிர்தசரஸில் முக்கால் மணி நேரம் நம் மண்ணில் நின்றும் நிறுத்தி வைக்க முடியவில்லை. கடைசியில் 31ஆம் தேதிதான் விடுதலை. எட்டு நாள் ஒரே சீட்டில். இவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்து முத்தமும் கொடுத்துவிடுகிறார்கள்.

[7:43] சேகர் சித்தப்பா: 1999 டிசம்பர் என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. மாடிப் போர்ஷன் யாருக்கு என்ற பேச்சு

[7:43] அம்மா: இப்போது எதற்கு அது

[7:44] சேகர் சித்தப்பா: அதிலும் பேரம்தான் நடந்தது. கர்ச்சீப் நான்தான் வைத்திருந்தேன்

[7:44] ராமு மாமா: [பிள்ளையார் படம்]

[7:46] ரேவதி அத்தை: என்னை யாராவது கடத்தினாலும் சேகர் கூப்பிட வர மாட்டான். 2015ல் பார்த்தேனே

[7:47] சேகர் சித்தப்பா: ஆரம்பித்தாயிற்று. அக்கா, அன்று ரன்வே வரைக்கும் தண்ணீர் வந்து ஏர்போர்ட்டையே மூடினார்கள். 6ஆம் தேதி வரை திறக்கவில்லை. ஜாபர்கான்பேட்டையில் பாலத்துப் பக்கமே போக முடியவில்லை. எத்தனை தடவை சொல்வது

[7:48] ரேவதி அத்தை: போன் பண்ணியிருக்கலாம்

[7:48] சேகர் சித்தப்பா: டவரே இல்லை

[7:48] ரேவதி அத்தை: பக்கத்துப் போர்ஷன் பையன் வந்தான்

[7:49] மாலா சித்தி: அக்கா அவர் அன்று ராத்திரி தூங்கவே இல்லை, நான் சாட்சி

[7:50] கார்த்தி அண்ணா: இன்று யார் கொண்டு விடுவது, அதை முதலில் முடிவு செய்யுங்கள். விமானம் எத்தனை மணிக்கு

[7:51] ரேவதி அத்தை: 6:55. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலம், எதிரே ஏர்போர்ட். நானே போய்க்கொள்வேன். யாருக்கும் சிரமம் வேண்டாம்

[7:51] அம்மா: இரண்டு பெட்டியோடா? பிரசவ லேகியம், வடாம், புளிக்காய்ச்சல் எல்லாம் தூக்கிக்கொண்டா?

[7:52] சேகர் சித்தப்பா: நான் கார் எடுத்து வருகிறேன்

[7:52] ரேவதி அத்தை: பார்க்கலாம்

[7:53] பெரியப்பா: கொப்பரை வைத்திருந்தால் எடுத்துவிடு. எண்ணெய்ச் சத்து, சூட்டில் தீப்பிடிக்கும் என்று பெட்டியில் வைக்கத் தடை. கற்பூரம், தீப்பெட்டியும் கூடாது.

[7:54] ரேவதி அத்தை: வளைகாப்புக்கு ஆரத்தி எப்படி எடுப்பது

[7:54] அம்மா: டெல்லியில் கற்பூரம் கிடைக்கும் ரேவதி

[7:55] கார்த்தி அண்ணா: அத்தை, அங்கே வரிசையில் நின்று இந்த வீடியோவைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். கடத்தல், குண்டு, எதுவும் வாயில் வரக் கூடாது

[7:56] பெரியப்பா: 2016 சட்டத்தின்படி நம்பும்படி மிரட்டினாலே கடத்தல் குற்றம்தான்.

[7:56] ரேவதி அத்தை: நான் யாரை மிரட்டப் போகிறேன்

[7:56] சேகர் சித்தப்பா: என்னைத்தான்

[7:57] சேகர் சித்தப்பா: அண்ணா, ஒரு சந்தேகம். இவ்வளவு தப்பு இருக்கிறது என்கிறீர்கள். இரண்டாவது முறை ஏன் பார்த்தீர்கள்? தப்பு எண்ணவா?

[8:09] பெரியப்பா: அந்தப் படத்தில் ஒரு இடம் சரியாக வந்திருக்கிறது. ஏறுவதற்கு முன்னால், யாருடையது என்று தெரியாத ஒரு பெட்டி ஓரமாகக் கிடக்கும். லோடர் பையன் அதைக் காலால் தள்ளி ஒதுக்கிவிட்டு டீ குடிக்கப் போவான். அப்படித்தான் இருக்கும். 1984 ஆகஸ்ட் 2 ராத்திரி மீனம்பாக்கத்தில் வெடித்ததும் பெட்டிதான். எனக்கு அன்று ஷிப்ட் ஒன்பது மணியோடு முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.

[8:14] சேகர் சித்தப்பா: இதைச் சொன்னதே இல்லையே அண்ணா

[8:15] பெரியப்பா: கேட்கவில்லை.

[8:17] அம்மா: பாட்டி சொல்கிறார், “அன்று இவன் வந்து சேர ராத்திரி இரண்டு மணி. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவன் ரசம் சாதம் கேட்டான்.”

[8:22] ராமு மாமா: பிரதோஷ நேரம் 4:30 முதல் 6 வரை

[8:24] மாலா சித்தி: யோகா குழுவில் அது சினிமா என்று போட்டுவிட்டேன். மேனேஜர் ‘அப்படியானால் அரசாங்கம் மறைக்கிறது’ என்கிறார்

[8:24] கார்த்தி அண்ணா: அவருக்குப் படத்தின் லிங்க் அனுப்புகிறேன்

[8:25] அம்மா: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் இங்கே சாப்பிட வாருங்கள். பாட்டி இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம், அந்தக் கிழவன் எந்த இடத்தில் எழுந்தான் என்று

[8:25] நான்: நான் வருகிறேன்

[8:26] மாலா சித்தி: ஞாயிறு எங்களுக்கு ஒரு கிரகப்பிரவேசம், பார்த்துச் சொல்கிறேன்

[8:26] பெரியப்பா: ரேவதி, டெர்மினல் 1ஆ, 4ஆ?

[8:27] ரேவதி அத்தை: அது டிக்கெட்டில் எங்கே போட்டிருக்கும்

[8:31] ரேவதி அத்தை: சேகர், மூன்று மணிக்கா, மூன்றரைக்கா

[8:58] சேகர் சித்தப்பா: [கட்டைவிரல்]

[8:59] ரேவதி அத்தை: இது எதற்கு