வடிவொத்த முக்கோணங்களில் எந்த விகிதத்தை எடுப்பது?

கேள்வி:
வணக்கம். கசட என்னும் முக்கோணத்தில் கச பக்கத்தின் மேல் ம என்ற புள்ளியும், கட பக்கத்தின் மேல் ந என்ற புள்ளியும் உள்ளன. மந என்ற கோடு அடிப்பக்கமான சட என்பதற்கு இணை. கம = 4 செ.மீ., மச = 6 செ.மீ., சட = 15 செ.மீ. எனில் மந எவ்வளவு? அடிப்படை விகிதசமத் தேற்றத்தின்படி 4/6 = மந/15 என்று எழுதி, 10 செ.மீ. என விடை கண்டேன். விடைப்பக்கத்தில் 6 செ.மீ. என்று உள்ளது. மூன்று முறை போட்டுப் பார்த்தும் பிழை பிடிபடவில்லை.

பதில் 1:
அந்தத் தேற்றம் கம/மச = கந/நட என்பதோடு நின்றுவிடுகிறது; இணைகோடு இரு பக்கங்களையும் எப்படிப் பிரிக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அக்கோட்டின் நீளத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மந தேவையெனில் வடிவொப்புமைக்குத்தான் போக வேண்டும். கோணம் க இரண்டுக்கும் பொது. இணைகோடுகளால் ம, ச ஆகிய இடங்களில் உள்ள ஒத்த கோணங்கள் சமம். ஆகவே கமந, கசட ஆகியவை வடிவொத்த முக்கோணங்கள். கம என்பதற்கு ஒத்த பக்கம் முழுமையான கச, அதாவது 10 செ.மீ. எனவே 4/10 = மந/15; மந = 6 செ.மீ. நீங்கள் எடுத்த மச, இவ்விரு முக்கோணங்களில் எதற்கும் பக்கமே அன்று.

பதில் 2:
உங்கள் முறையை ஓர் எளிய நிலையில் வைத்துப் பாருங்கள். ம நடுப்புள்ளியாக இருந்தால் கம/மச = 1 ஆகும்; அப்போது மந, சட இரண்டும் சமம் என்று வரும். படத்தைப் பார்த்தாலே அது பாதிதான் என்று தெரிகிறது அல்லவா?

பதில் 3:
இரு முக்கோணங்களையும் தனித்தனியாக வரைந்து, ஒத்த உச்சிகளை ஒரே வரிசையில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து வரையும் கணக்குகளில் இது மிகவும் தேவை, ஏனெனில் அங்கே ஒரு முக்கோணம் மற்றொன்றின் திரும்பிய நிலையில் இருக்கும். கர்ணம் 4, 9 எனப் பிரிந்தால், 4/உயரம் = உயரம்/9; உயரம் 6.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது தெளிந்தது. அடுத்த கணக்கில் கமந முக்கோணத்தின் பரப்பு 12 ச.செ.மீ. எனக் கொடுத்து, மசடந சரிவகத்தின் பரப்பைக் கேட்கிறார்கள். பக்க விகிதம் 2/5, பரப்பு விகிதம் அதன் வர்க்கமான 4/25. முழுப் பரப்பு 75, சரிவகம் 63 ச.செ.மீ. சரிதானா?

பதில் 1:
சரியே. பரப்பு 12, அடி 6 எனில் சிறியதன் உயரம் 4; பெரியதன் உயரம் 10; ½ × 15 × 10 = 75 ச.செ.மீ.