ஆச்சி வீடு (வாட்ஸ்அப் குழு)

புதன், மே 21

நீங்கள், காலை 7:42
குட்டிய ஒன்னாங் கிளாஸ்ல சேத்தாச்சு. ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் குடுத்துட்டேன். ஜூன் 2 திறக்காங்க. இன்னும் பன்னெண்டு நாள்தான். ‘அ’வே கோணல்மாணலா எழுதுதான். பால்வாடில பாட்டும் கதையுமாவே போயிட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ள ஏ பி சி டி முழுசும் எழுதுது. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அண்ணன், 7:45
டியூஷன் போட்டுரு. எழுதிப் பழகுத நோட்டு ரெண்டு நான் வாங்கிட்டு வாரேன்.

அக்கா, 7:58
ரெண்டும் வேண்டாம். பதினோரு வருசமா ஒன்னாங் கிளாஸ்தான் எடுக்கேன். எழுதத் தெரிஞ்சு வார பிள்ளைய விட, வாயத் தொறந்து கேக்கத் தெரிஞ்ச பிள்ளைதான் வகுப்புல சீக்கிரம் ஒட்டிக்கிடும். எழுத்து எங்க வேலை. அரசுப் பள்ளிக்கூடத்துல எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுல இருந்து சின்னக் கிளாஸுக்கெல்லாம் பாட்டு, படம், அட்டைன்னுதான் போவோம். பிள்ளை எந்த நிலையில இருக்கோ அதுக்குத் தக்கன அரும்பு, மொட்டு, மலர்னு மூணு படி. ‘அ’ வராத பிள்ளைக்குத்தான அரும்பு.

அக்கா, 7:59
1, 2 வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2018லயே சொல்லியாச்சு. அஞ்சு வயசுப் பிள்ளைய டியூஷன்ல கொண்டு உக்கார வைக்காத.

அக்கா, 8:01
நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. கால்சட்டை ஊக்க அவனே கழட்டுவானா?

நீங்கள், 8:02
இல்லக்கா. வீட்டுல எலாஸ்டிக் டவுசர்தான்.

அக்கா, 8:02
சாப்பாடு?

நீங்கள், 8:04
ஊட்டித்தான் விடுதேன். போன் பாத்துக்கிட்டேதான் வாங்குதான்.

அக்கா, 8:10
இன்னைக்கு ராத்திரியே போனை எடுத்து வை. அங்க காலைலயே சாப்பாடு உண்டு. கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒன்னாப் போகும். மத்தியானம் சத்துணவு, முட்டை. எல்லாரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து அள்ளிச் சாப்பிடணும். ஒவ்வொரு ஜூன்லயும் தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க பிள்ளைக நாலஞ்சு வரும். பசிக்கும், ஆனா கை போகாது. எனக்கு மனசு தாங்காது. எத்தன பிள்ளைக்கு நான் ஊட்ட முடியும்? நீ தரையில தட்ட வச்சு, கூட உக்காந்து நீயும் சாப்பிடு. பாதி சிந்துவான். சிந்தட்டும். முட்டைத் தோட அவனையே உரிக்கச் சொல்லு.

நீங்கள், 8:12
சரிக்கா. எழுத்துக்கு ஒன்னுமே செய்ய வேண்டாமா?

அக்கா, 8:16
விரலுக்கு வேலை குடு. நீ சப்பாத்தி போடும்போது அவனுக்கு ஒரு உருண்டை மாவு குடு. பட்டாணி உரிக்கட்டும். அம்மாகிட்ட பல்லாங்குழி இருக்குல்லா, அத எடு. புளியங்கொட்டைய ஒவ்வொன்னா எடுத்துப் போட்டாலே ரெண்டு விரலும் பென்சில் பிடிக்கப் பழகிரும். எண்ணிக்கையும் வந்துரும்.

அம்மா, 8:31
(அண்ணன் டைப் பண்ணுதேன். அம்மா பக்கத்துல இருந்து சொல்லுதா.) பல்லாங்குழி பரண்ல இருக்கு, துடைச்சு வைக்கேன். எங்க காலத்துல கைய தலைக்கு மேல சுத்தி மத்தப் பக்கத்துக் காதத் தொட்டாச் சேத்துக்கிடுவாக. எழுத்தெல்லாம் யாரு கேட்டா? அங்க போய் மணல்லதான் எழுதிப் பழகினோம். பிள்ளைய போட்டுப் படுத்தாதிய.

அக்கா, 8:34
இன்னொன்னு. ‘சேட்டை பண்ணினா டீச்சர் தோல உரிச்சிருவாங்க’ன்னு வீட்டுல யாராவது சொல்லுதியளா?

அத்தான், 8:40
நான்தான் மதினி. வீடியோ கால்ல விளையாட்டா ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கேன்.

அக்கா, 8:43
இனி வேண்டாம் தம்பி. அந்தப் பயத்தோட வார பிள்ளை ஒன்னுக்கு வந்தாக் கூட கேக்காது. பிள்ளைய அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நாங்க அடிக்க மாட்டோம்னு அவனுக்கு வீட்டுலதான் முதல்ல தெரியணும்.

அண்ணன், 8:55
இது அம்மா சொல்லுதது இல்ல, நான் சொல்லுதேன். ஒன்னாங் கிளாஸ்ல முதல் வாரம் பெஞ்சுலயே போயிட்டேன். கேட்டா வாத்தியார் அடிப்பாருன்னு தாத்தா சொல்லி வச்சிருந்தாரு. பிள்ளைக சிரிச்சாக. பைய அங்கயே போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். பதினஞ்சு நாள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. ஏன்னு யாருக்கும் சொல்லல. அந்த வாத்தியார் ஒரு நாளும் யாரையும் அடிச்சதில்லங்கது பொறவுதான் தெரிஞ்சுது.

அம்மா, 8:59
(டைப் பண்ணுதேன்.) வயித்து வலின்னுல்லா எங்கிட்ட சொன்ன. நான் கஷாயம் வச்சுக் குடுத்தேன.

அக்கா, 9:01
எனக்கும் இப்பத்தான்ணே தெரியும்.

அண்ணன், 9:03
நோட்டு வாங்கல. டியூஷனும் வேண்டாம். திறக்கதுக்கு முன்னால வெள்ளிக்கிழமை அட்மிஷனுக்கு ஆள் இருப்பாங்கல்லா? மருமகன நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன். கக்கூஸ் எங்க இருக்கு, தாழ்ப்பாள் அவனுக்கு எட்டுமா, தண்ணி எங்க பிடிக்கணும், எல்லாத்தையும் காட்டிட்டு வாரேன்.

அக்கா, 9:05
அதச் செய். டீச்சர் இருந்தா அவனையே வணக்கம் சொல்லச் சொல்லு. முதல் நாள் அழுவான். அவன் பாக்காத நேரம் நைசா நழுவி வந்துராதிய. நாலு மணிக்கு எந்த மரத்தடில நிப்போம்னு சொல்லிட்டு வாங்க. அஞ்சு நிமிசம் முன்னாலயே போய் அங்கன நில்லுங்க.

நீங்கள், 9:20
அஞ்சு வயசு ஊசி இன்னும் போடலக்கா. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். கொக்கி வச்ச கால்சட்டை ஒன்னும் எடுக்கணும்.

நீங்கள், இரவு 8:14
அவனே அள்ளிச் சாப்பிட்டான். ஒரு தோசை. பாதி தரையில கிடக்கு.

அத்தான், 8:15
இப்பக் கூப்பிடட்டா? ‘டீச்சர், ஒன்னுக்குப் போகணும்’னு அவன் எங்கிட்ட சத்தமாச் சொல்லிப் பழகட்டும்.

அண்ணன், 8:15
குரூப் கால் போடுங்க மாப்ள. நானும் வாரேன்.