வேலை போச்சு, கையில் கொஞ்சம் காசு: மட்டக்களப்பில் பிரான்சைஸ் எடுக்கலாமா?

பாலத்தடியான்:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் கொம்பனியில் விற்பனைப் பிரிவு மனேஜராக இருந்தேன், போன மாதம் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். வயது 43. மனைவி கல்லடியில் ஆசிரியை, மூத்தவள் அடுத்த வருடம் ஓ.எல். எடுக்கிறாள். இந்த வயதில் திரும்பவும் கொழும்பில் அறை எடுத்து, என்னை விட பதினைந்து வயது குறைந்தவர்களோடு இன்டர்வியூவுக்குக் காத்திருக்க மனமில்லை.

கொழும்பில் நல்ல பெயருள்ள ஒரு பேக்கரி கபே கொம்பனி மட்டக்களப்பில் பிரான்சைஸ், அதாவது தங்கள் பெயரில் கடை நடத்தும் உரிமை, கொடுக்க ஆள் தேடுகிறது. நுழைவுக் கட்டணம், உள் வேலை, மெஷின், ப்ரீசர் எல்லாம் சேர்த்து 90 இலட்சம் ஆகும். விற்பனையில் 6% ரோயல்டி (பெயரைப் பாவிப்பதற்குக் கட்டுவது), 2% விளம்பரத்துக்கு. ஒரு நாளைக்கு 45,000 ரூபாய்க்குக் குறையாமல் விற்பனை வரும் என்கிறார்கள். திருமலை வீதியில் ஒரு கடையும் பார்த்து வைத்திருக்கிறேன். கொம்பனி தரும் நட்டஈடு, என் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு, மிச்சத்துக்கு 40 இலட்சம் வங்கிக் கடன், இதுதான் திட்டம். பிரான்சைஸ் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சம்பளச்சீட்டு:
கடையைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தக் காசு வருமா என்று பாருங்கள். ஈ.பி.எஃப். ஆண்களுக்கு 55 வயதில்தான், வேலை போய்விட்டது என்பதற்காக அதைத் தரமாட்டார்கள். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) வேறு, வேலையை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ஆனால் அது உங்கள் சம்பளத்தில் மாதம் 3% சேர்ந்த காசு, அதில் மெஷின் வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும். அது நட்டஈட்டுக்குள் அடங்காது, தனி உரிமை. இரண்டையும் ஒன்றாகக் காட்டி ஒரே தொகை என்று சொல்லும் கொம்பனிகள் நிறைய.

அப்புறம் முக்கியமானது, ஏதாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அதுதான். முறைப்பாடு செய்வதென்றால் வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் ஒரு காலை நேரம் போய்க் கேளுங்கள், காசு செலவில்லை.

கல்முனை நாநா:
தம்பி, நான் கல்முனையில் வேறொரு கொம்பனியின் பிரான்சைஸ் நடத்துகிறேன், பெயர் வேண்டாம். உங்கள் 45,000ஐயே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மாதம் 13,50,000 விற்பனை. கொம்பனியிடம் சரக்கு எடுக்கிற விலையும் விற்காமல் பழுதாகிறதும் சேர்த்து 62% என்று வையுங்கள், என் அனுபவத்தில் அதற்குக் கீழே போவது கஷ்டம். மிச்சம் 5,13,000. அதில் 8% அவர்களுக்கு, 1,08,000. இது லாபத்தில் இல்லை, விற்பனையில் எடுக்கிறது, அதைக் கவனியுங்கள். கொம்பனி வற் (VAT) வரிக்குப் பதிவு செய்திருந்தால் அந்தத் தொகைக்கு மேல் 18% வேறு வரும், நான் அதைச் சேர்க்கவில்லை. இப்போது 4,05,000. வாடகை 90,000, ப்ரீசரும் ஏசியும் ஓடுகிற கடைக்குக் கரண்ட் பில் 85,000, நான்கு பொடியன்களுக்குத் தலைக்கு 45,000 படி 1,80,000, அவர்களுக்கு நீங்கள் கட்டும் ஈ.பி.எஃப். 12%, ஈ.டி.எஃப். 3% சேர்த்து 27,000. எல்லாம் போக உங்கள் கையில் 23,000. 40 இலட்சத்துக்கு 12% என்று பார்த்தாலும் முதல் மாத வட்டியே 40,000.

நாளைக்கு 60,000 விற்றால் இதே செலவில் 1,58,000 நிற்கும். அதாவது வெறும் 15,000 வித்தியாசத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அதனால் அவர்கள் சொல்கிற எண்ணை நம்பாமல், நீங்கள் பார்த்த கடைக்குப் பக்கத்தில் ஒரு சம்பள வாரத்திலும் ஒரு மாதக் கடைசியிலும் போய் இருந்து பாருங்கள். எங்கள் பக்கம் காசு ஒரே மாதிரி ஓடாது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை முடிந்ததும் சனம் கேக் வாங்கும், ஒக்டோபர் பிறந்தால் எல்லாக் காசும் வயலுக்குள் போய்விடும். றமழான் மாதத்தில் எங்களுக்குப் பகலில் ஈ ஓட்டுவதுதான் வேலை, இரவில் நிற்க நேரமிருக்காது. காத்தான்குடி, ஏறாவூர் ஆட்கள் கடைக்கு வரவேண்டுமென்றால் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று கொம்பனியிடம் இப்போதே கேளுங்கள், வாசலிலேயே கேட்பார்கள்.

இன்னொன்று. சரக்கு கொழும்பிலிருந்து ப்ரீசர் லொறியில் வருமென்றால், மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் ரோட்டில் வெள்ளம் ஏறினால் லொறி அங்கேயே நிற்கும். உங்கள் ஷோகேஸில் ஒன்றும் இருக்காது, வீதி வீதியாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோக்காரர் மட்டும் உங்கள் வாசலால் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். உள்ளூரில் மாலு பணிஸ் வாங்கி வைத்து விற்கவும் ஒப்பந்தம் விடாது. என்னை அப்படித்தான் ஒரு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிக் குடைந்தார்கள், கடை காலியாகக் கிடந்த நாட்களுக்கு ஒரு சதம் குறைக்கவில்லை, ஏனென்றால் விற்பனை இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்ச ரோயல்டி என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது.

வாவிக்கரை:
நாநா சொல்வது சரி, ஆனாலும் ஒரேயடியாகப் பயப்படுத்த வேண்டாம். பாலத்தடியான் மாதிரி கொம்பனி ஒழுங்கில் பழகியவருக்கு, பில் மெஷின், ஸ்டொக் கணக்கு, ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் தயாராக வருவது பெரிய விஷயம். ஊரில் சொந்தமாக ஆரம்பித்த கபே எத்தனை, கணக்கு எழுத ஆளில்லாமலே படுத்துவிட்டது. எனக்கு அதை விட ஒப்பந்தத்தில்தான் பயம்.

இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் கையெழுத்துக்கோ காசு கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னதாக, கொம்பனியின் வழக்குகள், மூடிய கடைகள், மற்றக் கடைக்காரர்களின் தொடர்பு எல்லாம் எழுதிய ஆவணம் கையில் கொடுத்தாக வேண்டும். இங்கே நீங்களே கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிற கொம்பனியென்றால் அதுவே பதில். உங்களுக்கு எத்தனை கிலோமீற்றருக்குள் இன்னொரு கடை திறக்கமாட்டார்கள் என்று எழுத்தில் வேண்டும், கல்லடிக் கடற்கரையில் அவர்களே ஒரு கியோஸ்க் (சின்னப் பெட்டிக்கடை) போட்டால் உங்கள் பின்னேர வியாபாரம் போச்சு. ஒப்பந்தம் முறிந்தால் போர்டைக் கழற்றிய பிறகு அதே இடத்தில் சொந்தப் பெயரில் பேக்கரி நடத்த முடியுமா என்றும் பாருங்கள், பெரும்பாலும் விடமாட்டார்கள்.

பெரிய ஆட்களுக்கே இது நடக்கிறது. 2024 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் தன் இலங்கைப் பங்காளியோடு ஒப்பந்தத்தை முறித்தபோது நாடு முழுக்க இருந்த 12 கடைகளும் மூடப்பட்டன. அந்தப் பங்காளியிடம் வழக்காட காசு இருந்தது. உங்களிடம் இருப்பது நட்டஈடு.

பாலத்தடியான்:
நன்றி எல்லாருக்கும். கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, திங்கட்கிழமை தொழில் அலுவலகத்துக்குப் போகிறேன். ஈ.பி.எஃப். விஷயம் எனக்குத் தெரியாது, அது இல்லையென்றால் கடன் 40இல் நிற்காது. ஒப்பந்த வரைவை வாசித்தேன், குறைந்தபட்ச ரோயல்டி இதிலும் இருக்கிறது. நாநா, சின்ன முதலோடு வேறு ஏதாவது?

கல்முனை நாநா:
கூரியர் ஏஜென்சி, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் சென்டர், இவை இரண்டும் கொமிஷனில் ஓடுவது, ப்ரீசர் இல்லை, பழுதாகும் சரக்கு இல்லை. வருமானமும் சின்னதுதான். சென்டருக்கு இரத்தம் எடுக்கத் தெரிந்த தகுதியான ஆள் வேண்டும், இடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேண்டும். பேக்கரிதான் என்றால் குறைந்தபட்ச ரோயல்டியை முதல் வருடத்துக்காவது எடுக்கச் சொல்லிப் பேசுங்கள், நீங்கள் விற்பனை மனேஜராக இருந்தவர்தானே. ஏற்கனவே கடை நடத்துகிற இரண்டு பேரின் நம்பரையும் வாங்குங்கள், கொம்பனி தெரிந்தெடுத்துத் தரும் ஆட்களை விட்டுவிட்டு நீங்களே கடைக்குப் போய்ப் பிடியுங்கள்.

சம்பளச்சீட்டு:
கடைச் சொந்தக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பிரான்சைஸ் ஐந்து வருடம், கடைக் குத்தகை இரண்டு வருடம் என்றால், மூன்றாம் வருடம் அவர் கேட்கிற வாடகைதான் வாடகை.

பாலத்தடியான்:
குத்தகை இரண்டு வருடம்தான் சொன்னார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, ஐந்து வருடத்துக்கு எழுதித் தருவாரா என்று நாளைக்கே கேட்கிறேன்.