பள்ளிக்கரணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் கட்டுமானத் தடை: சரியா, தவறா?

ஏரிக்கரை:
தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ராம்சார் பகுதியாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் சொன்னது. சதுப்புநிலத்தின் தாக்கப் பகுதி, அதாவது அதன் நீரோட்டத்தோடு தொடர்புள்ள சுற்றுப்புறம், எதுவரை என்று அளந்து முடிக்கும்வரை இந்தத் தடை. நான் இதை முழுதாக ஆதரிக்கிறேன். அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த இடம் இது. 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர்தான். மிச்சத்தையாவது விட்டுவைப்போம்.

மனைக்காரன்:
சொல்வது சுலபம் சார். மேடவாக்கம் பக்கம் 800 சதுர அடி மனை, பட்டா என் பெயரில், மாதாமாதம் கடன் தவணை கட்டுகிறேன். பிளான் அனுமதிக்குப் போனால் கோப்பைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெருங்குடியில் பல வருடங்களாகக் குப்பை கொட்டியது நானா? சதுப்பை வெட்டிக்கொண்டு போகும் துரைப்பாக்கம் ரேடியல் சாலையைப் போட்டது நானா? எல்லோரும் கட்டி முடித்த பிறகு கடைசியாக வந்தவன் தலையில் மட்டும் கை வைப்பது என்ன நியாயம்?

ஏரிக்கரை:
உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அது நிரம்பினால் பள்ளிக்கரணை. வெளியே போக ஒக்கியம் மடுவுதான் வழி. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். கடல் பொங்கி நிற்கும் நாளில் அந்த வழியும் அடைபடும், தண்ணீர் சதுப்பிலேயே காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் மூன்றடி மண் கொட்டி வீடு கட்டினால், உங்களுக்கு முன்னால் கட்டியவரின் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோமே.

மனைக்காரன்:
சரி, அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு எப்படி வந்தது? தண்ணீர் என்ன அளவுகோல் பிடித்தா ஓடுகிறது? அரைக் கிலோமீட்டரில் மேடாக இருக்கும் மனைக்குத் தடை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஏரியின் போக்குக் கால்வாயை மூடிக் கட்டினால் தடை இல்லை.

பெரும்பாக்கத்துக்காரி:
அண்ணா கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. எங்களைக் கூவம் கரையில் இருந்து தூக்கிவந்து இங்கே அடுக்குமாடியில் வைத்தார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் போய்விடுவோமாம். இங்கே மட்டும் என்ன? பெருமழை வந்தால் தரைத்தள வீடுகளில் கட்டில் மேல் அடுப்பு வைத்துத்தான் சமையல். சதுப்பைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆக்கிரமிப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம் முதலில் இடிபடுவது எங்களைப் போன்றவர்கள் வீடு. ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் பக்கம் யாரும் போவதில்லை.

போர்வெல்_மணி:
வெள்ளத்தை மட்டும் பேசுகிறீர்கள். 2019 கோடையை மறந்தாச்சா? ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். நான் போர் போடும் தொழிலில் இருக்கிறேன். கடல் பக்கம் போகப் போக உப்புத் தண்ணீர்தான் வருகிறது. நல்ல நீர் ஊறி இறங்கும் இடத்தை மூடினால் உப்பு இன்னும் உள்ளே வரும். அப்புறம் மனை இருந்து என்ன, லாரிக்குத்தான் காசு அழவேண்டும்.

ஏரிக்கரை:
மனைக்காரன் சார், ஒரு கிலோமீட்டர் என்பது இறுதிக் கணக்கு இல்லை. மேடு எது, பள்ளம் எது, நீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று அளந்தபிறகு உங்கள் மேட்டு மனை வெளியே வரலாம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கால்வாய் உள்ளே வரலாம். அளந்து முடிப்பதற்குள் அனுமதிகளை அள்ளிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அளந்து பயன் இல்லை.

மனைக்காரன்:
அப்படியானால் எந்தத் தேதிக்குள் அளந்து முடிப்பார்கள் என்று எழுத்தில் கொடுக்கட்டும். வரைபடத்தைச் சர்வே எண்ணோடு மக்கள் பார்க்க வெளியிடட்டும். என் மனை பள்ளத்தில் இருந்தால் வாங்கிய விலையைத் திருப்பித் தரட்டும், விட்டுக்கொடுக்கிறேன். அதுவரை இந்தத் தடையை நான் ஏற்கமாட்டேன்.

பெரும்பாக்கத்துக்காரி:
அந்த வரைபடத்தில் பெரிய கம்பெனிகளின் இடமும் சர்வே எண்ணோடு இருக்கவேண்டும் அண்ணா. அதையும் சேர்த்துக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.